கேரட் துவரன் உதிரியாக வந்தது: அரிதல், தண்ணீர், மூடி

துவரன் என்பது தேங்காய் சேர்த்து உலர்வாகச் செய்யும் பொரியல். அது சட்டியிலிருந்து தட்டுக்கு மாற்றும்போது கரண்டியில் அப்பாமல், துண்டு துண்டாக உதிர வேண்டும். வாயில் போட்டால் லேசாகக் கடிபட வேண்டும், பச்சை வாசம் வரக் கூடாது. பயறிலும் முட்டைக்கோசிலும் இது பெரிய காரியமில்லை. கேரட்டில்தான் கைநழுவும். ஒன்று களியாகும், அல்லது மேலே சுருங்கி உள்ளே பச்சையாக நிற்கும், அதுவும் இல்லையென்றால் தேங்காய் ஒரு பக்கம் கேரட் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்து அடுக்களை ஒன்றில், அரைக் கிலோ கேரட்டை அளவாக வைத்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துத் துவரன் இப்போது ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. மாற்றியவை அரியும் அளவு, சேர்க்கும் தண்ணீர், மூடியிருக்கும் நேரம், இந்த மூன்றுதான். தேங்காய், மிளகாய், உப்பு எதையும் தொடவில்லை. அவற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்ப்பவர்களுக்குக் கேரட் எப்போதும் ஏமாற்றம்தான் தரும், ஏனென்றால் கெட்டுப்போவது ருசி இல்லை, பதம். துவரனுக்குப் பிறகு அதே கேரட்டில் மெழுக்குவரட்டி (எண்ணெயில் வறுக்கும் கறி), அவியல், தயிர்க் கிச்சடி, ஆவியில் வேகவைத்தது என்று பார்த்தவையும் கீழே உண்டு.

கையில் இருந்த சாமான்கள்: கிராம் காட்டும் சின்னத் தராசு, கூர்மையான கத்தி, பீலர், பெரிய கண் உள்ள துருவி, அடி கனத்த இரும்புச் சட்டி, அதன் வாயைவிடச் சற்றுப் பெரிய குழிவான எவர்சில்வர் தட்டு. மூடிக்கு அந்தத் தட்டுதான். கைப்பிடி வைத்த கண்ணாடி மூடி இதற்கு உதவாது. ஏன் என்பது பிறகு வருகிறது.

கேரட் வாங்குவது

நாகர்கோவில் வடசேரிச் சந்தையிலும் சரி, மார்த்தாண்டம் சந்தையிலும் சரி, வருவது மலைக் கேரட். நீலகிரியிலிருந்து வருவதை அங்கேயே இயந்திரத்தில் போட்டுக் கழுவித்தான் மூட்டை கட்டுகிறார்கள். கழுவும்போது மேல்தோல் உரசிப் போகிறது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் வெளியே வைத்தால் சீக்கிரமே மேலே வெள்ளைப் பூப்பு படரும். அது உலர்ந்த தோல், கெட்டுப்போனது அல்ல; சுரண்டினால் போய்விடும். பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்து வழவழவென்று ஆனதைத்தான் தூக்கிப் போட வேண்டும். மண்ணோடு கிடைத்தால் அதையே வாங்கலாம், கூடுதல் நாள் நிற்கும்.

தேர்ந்தெடுக்கும்போது கொண்டைப் பக்கத்தைப் பாருங்கள். குறுக்களவு 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நடுத்தண்டு தடித்திருக்கும். வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளிறிய வட்டம் தெரியும், அதுதான் தண்டு. முற்றிய கேரட்டில் அந்த வட்டம் நாராகி, சுற்றியிருக்கும் சதை வெந்த பிறகும் வேகாமல் நிற்கும். இரண்டையும் ஒரே அளவில் அரிந்து ஒரே சட்டியில் போட்டால் பாதி களி, பாதி பச்சை. கொண்டை பச்சை நிறமாக இருந்தால் அந்தப் பகுதி மண்ணுக்கு வெளியே வெயில் பட்டது, கசக்கும். ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டி எறியலாம். இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை இலை குடித்துவிடும்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. மூலையில் வாழைக்குலை தொங்காத அடுக்களை இங்கே குறைவு. பழுக்கும் வாழையிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டில் கசப்பு ஏறும். உப்பும் மிளகாயும் போட்டு அதை மறைக்க முடியாது. கேரட் கூடையைக் குலைக்கு அடியில் வைக்காமல் இருந்தாலே போதும்.

500 கிராம் வாங்கினால் கொண்டையும் வாலும் போக 475. பீலரில் சீவினால் 430, கத்தி முதுகால் சுரண்டினால் 455. சுரண்டுவதில் 25 கிராம் மிச்சம், கேரட்டின் உருளையும் கெடாது. தோல் கறுத்திருந்தால் மட்டும் பீலர். கீழே வரும் அளவுகள் எல்லாம் சீவிய 430 கிராமுக்கு.

அரிதல்: பாதி வேலை இங்கேதான்

முதலில் எடுத்த வழி துருவி. வேகமாக முடியும் என்பதால் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். துவரனுக்கு அது ஒத்து வரவில்லை. கேரட்டில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு தண்ணீர். துருவும்போது அதன் அறைகள் எல்லாம் கிழிந்துவிடுகின்றன. உப்பு பட்டதும் தண்ணீர் வெளியே வரும், மூடி போட்டால் அந்தத் தண்ணீரிலேயே வெந்து அல்வா மாதிரி ஆகிவிடும். துருவியதைக் காப்பாற்ற ஒரே வழி, மூடாமல் பெரிய தீயில் 3 நிமிடம் புரட்டி, உப்பைக் கடைசியில் போட்டு இறக்குவது. காலையில் பள்ளிக்கூட டப்பாவுக்கு அது போதும். ஆனால் அதில் தேங்காய் அரைப்பின் பச்சை வாசம் போக நேரம் கிடைக்காது. ஆகவே அதற்கு அரைப்பு வேண்டாம், வெறும் தேங்காய்த் துருவலும் கீறிய பச்சைமிளகாயும் போதும்.

அடுத்தது, கயிறு இழுத்துச் சுழற்றும் சாப்பர். ஐந்தாறு இழுப்பில் வேலை முடியும். ஆனால் ஒரே கிண்ணத்தில் பட்டாணி அளவுத் துண்டும் இருக்கும், தூளும் இருக்கும். தூள் இரண்டு நிமிடத்தில் குழைந்து, வேகாத பெரிய துண்டுகளின்மேல் அப்பிக்கொள்ளும். சாப்பர்தான் கையில் இருக்கிறது என்றால், நறுக்கியதைப் புட்டுமாவு சலிக்கும் பெரிய கண் சல்லடையில் ஒருமுறை அரித்து, கீழே விழும் தூளைத் தனியாக எடுத்துவிட்டால் சமாளிக்கலாம். தூளைத் தோசைமாவில் கலந்துவிடலாம்.

கத்தியால் கொத்தி அரிவதுதான் கடைசியில் நின்றது. கேரட்டை 5 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக்கி, ஒரு பக்கத்தை லேசாகச் சீவித் தட்டையாக்கினால் பலகையில் உருளாது. பிறகு 3 மில்லிமீட்டர் தடிப்பில் தகடுகள், தகடுகளை அடுக்கி 3 மில்லிமீட்டர் குச்சிகள், குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக் குறுக்கே அரிந்தால் சின்னக் கட்டங்கள். பழகிய கைக்கு 430 கிராம் கால் மணி நேரம் எடுக்கும். அரிவாள்மணையில் பழகியவர்களுக்கு அதைவிடக் குறைவு.

கட்டத்தின் அளவு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நேரத்தை மாற்றுகிறது. 3 முதல் 4 மில்லிமீட்டர் கட்டம், மூடி போட்டுச் சிறு தீயில் 8 நிமிடத்தில் வேகும். 6 மில்லிமீட்டர் ஆக்கினால் 12 நிமிடம். நாலு நிமிடம்தானே என்று தோன்றும், ஆனால் அந்த நாலு நிமிடத்தில் தேங்காய் எண்ணெய் கக்கி வறண்டு, அடியில் பிடித்து, பழுப்பு வாசம் வந்துவிடும். துவரன் கெடுவதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான்: அரிந்தது பெரிது, அது வேகும்வரை தேங்காய் காத்திருக்காது.

அரைப்பு

தேங்காய்த் துருவல் 80 கிராம், நடுத்தரத் தேங்காயில் ஒரு முறிக்கு, அதாவது பாதிக்கு, சற்றுக் குறைவாக வரும். சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 5, பச்சைமிளகாய் 2, பூண்டு ஒரு பல், சீரகம் கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

அம்மி இருந்தால் பேச்சே இல்லை, இரண்டு இழுப்பு. மிக்ஸி என்றால் சின்ன ஜார். முதலில் மிளகாய், சீரகம், பூண்டு, உள்ளி மட்டும் போட்டு, விட்டுவிட்டு மூன்று தடவை ஓட்டி எடுக்க வேண்டும். தேங்காயும் மஞ்சளும் கடைசியில், ஒரே ஒரு தடவை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தொடர்ந்து ஓட்டினால் மிளகாய் நசுங்குவதற்குள் தேங்காயில் பால் விட்டுவிடும். பால் விட்ட தேங்காய் கேரட்மேல் பூசிக்கொள்ளும், அதற்குப் பிறகு உதிரியாக வருவதை மறந்துவிடலாம். கையில் அள்ளிப் பிடித்தால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் அளவு.

மஞ்சளில் கை தாராளம் வேண்டாம். அரைத் தேக்கரண்டி போட்டால் கேரட்டின் நிறம் மங்கி, மொத்தமும் ஒரே காவி நிறமாகிவிடும்.

அடுப்பில்

இரும்புச் சட்டி, நடுத்தரத் தீ. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி. கடுகு அரைத் தேக்கரண்டி. வெடித்து அடங்கும்போது உளுந்து ஒரு தேக்கரண்டி, அது சிவக்க ஆரம்பித்ததும் கிள்ளிய வத்தல்மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை ஒரு கொத்து. உளுந்துக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி அரிசி போட்டால் பொரிந்து நறுக்கென்று இருக்கும். கேரள எல்லை தாண்டினால் பல வீடுகளில் அரிசிதான். கேரட்டின் இனிப்புக்கு அரிசியே மேல் என்பது இந்தச் சட்டியின் தீர்ப்பு.

கேரட்டைப் போட்டு ஒரு நிமிடம் எண்ணெய் படப் புரட்ட வேண்டும். எண்ணெய் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்துக்கு மாறுவது தெரியும். கேரட்டின் நிறச்சத்து எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. உடம்பில் சேர்வதற்கும் அந்த எண்ணெய் வேண்டும். எண்ணெயே இல்லாமல் அவித்துத் தின்பவர்கள் கவனிக்க.

இப்போது தூளுப்பு முக்கால் தேக்கரண்டி, ஏறக்குறைய 4 கிராம். கிளறிவிட்டு, கேரட்டைச் சட்டியின் ஓரங்களுக்குத் தள்ளி நடுவில் குழி செய்து, அரைப்பு முழுவதையும் அந்தக் குழியில் வைத்து, ஓரத்துக் கேரட்டை அதன்மேல் இழுத்து மூட வேண்டும். கிளறக் கூடாது. பழைய கைமுறை இது, சடங்கு என்று நினைத்துப் பலர் விட்டுவிட்டார்கள். விட்டுப் பார்த்தால்தான் பயன் தெரியும். அரைப்பு சட்டியின் அடியைத் தொடாமல் கேரட்டின் ஆவியிலேயே வேகிறது, உள்ளி, பூண்டின் பச்சை வாசம் போகிறது, தேங்காய் வறளுவதில்லை. ஆரம்பத்திலேயே கலந்துவிட்டால் தேங்காய்தான் முதலில் அடிபிடிக்கும்.

தட்டால் மூடி, தீயை ஆகக் குறைத்து 6 நிமிடம். திறந்து, ஒருமுறை எல்லாம் சேரக் கலக்கி, திரும்ப மூடி 2 நிமிடம். கடைசியாகத் திறந்து வைத்து, தீயைக் கொஞ்சம் ஏற்றி ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் புரட்டினால் மீதி ஈரம் போய்விடும். ஒரு துண்டைக் கரண்டியால் சட்டியின் பக்கச் சுவரில் அழுத்திப் பாருங்கள். நசுங்காமல் இரண்டாக உடைந்தால் இறக்கிவிடலாம். நசுங்கினால் ஒரு நிமிடம் தாண்டிவிட்டது என்று பொருள். இறக்கியதும் இரும்புச் சட்டியிலேயே விடக் கூடாது, அதன் சூட்டில் இன்னும் வேகும்.

தண்ணீரும் மூடியும்

பாதி வீடுகளில் நடப்பது கால் தம்ளர் தண்ணீர் தெளிப்பது. 50 மில்லி விட்டால், மூடி திறக்கும்போது அடியில் இன்னும் தண்ணீர் நிற்கும். அதை வற்ற வைக்கத் தீயை ஏற்றிக் கிளறக் கிளறக் கட்டங்கள் முனை உடைந்து மாவாகின்றன. 100 மில்லி விட்டதில் துவரன் கூட்டாகவே மாறிவிட்டது. ருசி கெடவில்லை, சோற்றில் பிசைந்து தின்னலாம், ஆனால் அதன் பேர் துவரன் இல்லை.

தண்ணீரே விடாமல் மூடினால் அடிபிடிக்கும் என்பது பயம். பயத்தில் நியாயம் உண்டு, மெல்லிய அடி உள்ள பாத்திரத்தில் பிடிக்கவே செய்யும். அதற்குத்தான் குழிவான தட்டு. தட்டை மூடியாகப் போட்டு, தட்டின்மேல் அரைத் தம்ளர் குளிர்ந்த தண்ணீர் விட்டுவிட வேண்டும். உள்ளிருந்து எழும் ஆவி தட்டின் அடியில் பட்டுக் குளிர்ந்து திரும்பச் சொட்டும். கேரட்டிலிருந்து வந்த தண்ணீரே கேரட்டை வேகவைக்கிறது, வெளித்தண்ணீர் சேரவில்லை. கண்ணாடி மூடியில் தண்ணீர் நிற்காது, ஆவித்துளையும் இருக்கும், அதனால்தான் வேண்டாம் என்றது. தட்டுத் தண்ணீர் 6 நிமிடத்தில் கை பொறுக்காத சூடாகிவிடும். திறக்கும்போது தட்டைச் சாய்க்காமல், துணியால் இரு பக்கமும் பிடித்து எடுக்க வேண்டும். சாய்ந்து அந்தத் தண்ணீர் சட்டிக்குள் விழுந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

வாங்கி ஒரு வாரம் ஆகி, வளைத்தால் வளையும் கேரட்டுக்கு மட்டும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், அதாவது 30 மில்லி, ஆரம்பத்திலேயே தெளிக்கலாம். அதன் ஈரம் ஏற்கெனவே போயிருக்கும்.

ஆப்பச்சோடாவைச் சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. வேகும், வெளிப்பக்கம் மட்டும். மேலே வழவழவென்று கரைந்து உள்ளே கடினமாக இருக்கும், சவர்க்கார வாசமும் வரும். வேண்டாம்.

மெழுக்குவரட்டி

இங்கே களியாகும் தொல்லை குறைவு, கருகும் தொல்லை அதிகம். கேரட்டில் இருக்கும் சர்க்கரை, வாழைக்காய்க்கோ சேனைக்கோ இல்லாத வேகத்தில் நிறம் பிடிக்கும். 430 கிராமை 4 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் கனத்தில் விரல்விரலாக வெட்டி, 100 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, சிட்டிகை மஞ்சள் சேர்த்து மூடி 7 நிமிடம். கத்தி முனை உள்ளே போக வேண்டும், ஆனால் துண்டு கத்தியோடு மேலே வரவும் வேண்டும். மீதித் தண்ணீரை வடிக்காமல் திறந்து வைத்தே வற்றவிடலாம்.

சின்ன உள்ளி 10, வத்தல்மிளகாய் 4, உரலில் ஒன்றிரண்டாக இடித்தது. மிளகாய்த்தூள் போட்டால் கருகி ஒட்டும், இடித்த வத்தல் ஒட்டாது. தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. உள்ளி பொன்னிறமானதும் கேரட்டைப் போட்டு, சிறு தீயில் 8 நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புரட்டினால் ஒவ்வொரு விரலிலும் ஒரு பக்கமாவது பழுப்புக் கோடு விழும். ஓயாமல் கிளறினால் கோடு விழாது, முனைதான் உடையும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தாலும் வறுபடாது, ஆவியில்தான் கிடக்கும். சட்டி சிறிது என்றால் இரண்டு ஈடாகப் போடலாம்.

தனிக் கேரட் மெழுக்குவரட்டி இனிப்பு தூக்கலாக இருக்கும். பாதிக்குப் பாதி பீன்ஸ் சேர்த்தால் சமமாகிறது, இறக்கும் முன் நல்லமிளகுத்தூள் (மிளகுத்தூள்) அரைத் தேக்கரண்டி தூவினால் இன்னும் நல்லது. பீன்ஸை 4 நிமிடம் முன்னால் போட வேண்டும்.

அவியல்

அவியலில் கேரட் உடைவதும் உண்டு, வேகாமலே நிற்பதும் உண்டு. வேகாமல் நிற்பதற்குக் காரணம் புளிப்பு. மாங்காயோ புளித்தண்ணீரோ தயிரோ, எது முதலில் விழுந்தாலும் அதற்குப் பிறகு கேரட் இளகாது. எவ்வளவு நேரம் எரித்தாலும் நறுக்கென்றே இருக்கும். சேனையும் கேரட்டும் முக்கால் வேக்காடு ஆன பிறகே மாங்காய். தயிர் என்றால் அடுப்பை அணைக்கும் முன். உப்புக்கரிக்கும் போர்வெல் தண்ணீரிலும் இதே தொல்லை கொஞ்சம் உண்டு, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காயை இறுக்கும். குடிக்கும் தண்ணீரிலேயே வேகவைப்பது நல்லது.

உடைவதற்கு ஒரு மருந்து உண்டு, சற்று விசித்திரமானது. அரை லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் அரை லிட்டர் குழாய்த் தண்ணீர் கலந்தால் 65 டிகிரி பக்கம் வரும். அதில் 200 கிராம் கேரட் துண்டுகளைப் போட்டு மூடி அரைமணி நேரம் வைத்தால் சூடு 60க்கு இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். அந்தச் சூட்டில் கேரட் வேகாது. மாறாக அதன் சதை இறுகுகிறது, பிறகு கொதியில் போட்டாலும் எளிதில் குழையாது. பந்திக்குப் பெரிய அளவில் அவியல் வைத்து, பலமுறை கிளறி, வாளியில் அள்ளிப் பரிமாறும் இடத்தில் இது நன்றாகவே பயன்படும். வீட்டு அளவுக்குத் தேவையில்லை. துவரனுக்கு இதைச் செய்யவே கூடாது, ரப்பராகிவிடும்.

அளவில் ஒரு கட்டுப்பாடு: மொத்தக் காய் 800 கிராம் என்றால் கேரட் 100க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் அவியல் தித்திக்கும்.

கிச்சடி

தேங்காயும் கடுகும் அரைத்துத் தயிரில் சேர்க்கும் கிச்சடிக்குத் துருவிய கேரட்தான் சரி. துவரனில் தொல்லை தந்த அதே தண்ணீர் இங்கே உதவிக்கு வருகிறது. 200 கிராம் துருவலை உப்பும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்து மூடி 4 நிமிடம், பிறகு முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டோடு தயிர் விட்டால் திரியும். தேங்காய் 50 கிராம், பச்சைமிளகாய் 2, சிறு துண்டு இஞ்சி, இவற்றை மைய அரைத்து, கடைசியில் கால் தேக்கரண்டி பச்சைக் கடுகு போட்டு ஒரே சுற்று. கடுகு நசுங்கினால் போதும், மையாக அரைந்தால் கசப்பு ஏறிவிடும். புளிக்காத கட்டித்தயிர் 250 கிராம். இரும்புச் சட்டியைத் தயிருக்குப் பக்கத்திலேயே கொண்டு வரக் கூடாது, கறுத்துவிடும். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும்.

ஆவியும் குக்கரும்

குழந்தைக்கோ முடியாதவர்களுக்கோ மசித்துக் கொடுக்க, முழுக் கேரட்டாகவே வேகவைத்துப் பிறகு வெட்டுவது ருசியில் ஒரு படி மேல், வெட்டிய முகம் இல்லாததால் இனிப்பு தண்ணீருக்குப் போவதில்லை. இட்லிப் பாத்திரத்தில், தண்ணீர் கொதித்த பிறகு வைத்தால், 1 சென்டிமீட்டர் வட்டங்கள் 8 நிமிடம், 2.5 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள முழுக் கேரட் 22 நிமிடம். குக்கரில் முழுக் கேரட்டுக்கு இரண்டு விசில், ஆவி தானே அடங்கும்வரை விட வேண்டும். கறிக்கு வேண்டிய துண்டுகளைக் குக்கரில் போடுவது வேலையை மிச்சப்படுத்தாது. ஒரு விசிலிலேயே தாண்டிவிடும், விசில் வந்தவுடன் ஆவியை விடுவித்தாலும் ஓரங்கள் குழைந்திருக்கும். ஆவியில் வெந்ததன்மேல் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் உப்பும் நல்லமிளகும் போட்டாலே தொடுகறி ஆயிற்று.

செலவு

கேரட் கிலோ 60 ரூபாய் என்றால் அரைக் கிலோ 30. தேங்காய் ஒன்று 30 என்று பிடித்தால் துவரனுக்குப் போனது 13 ரூபாய்க்கு உள்ளே. எண்ணெய் லிட்டர் 400 ரூபாய்க் கணக்கில் 15 மில்லிக்கு 6 ரூபாய். உள்ளி, மிளகாய், தாளிப்பு எல்லாம் 6 அல்லது 7. அடுப்பு 12 நிமிடம், அதிலும் பெரும்பகுதி சிறு தீ, வாயுச் செலவு ஒன்றரை ரூபாய் அளவில்தான். மொத்தம் 57 ரூபாய் பக்கம், நாலு பேருக்கு இரண்டு தடவை பரிமாறத் தாராளமாக வரும். மெழுக்குவரட்டியில் தேங்காய் இல்லை, எண்ணெய் இரட்டிப்பு, ஆகவே சில ரூபாய் குறைவு. பச்சைத் தேங்காய் சேராததால் அது மறுநாளும் நிற்கும். துவரன் மார்ச் முதல் மே வரை மதியம் வைத்தால் இரவுக்குள் முடித்துவிட வேண்டும், குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலைவரை. திரும்பச் சூடாக்கும்போது மூடி போடாமல் வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும்.

அடுத்த அரைக் கிலோவில் மாற்றப் போவது இரண்டு. தடித்த கேரட்தான் கிடைக்கிறது என்றால் நீளவாக்கில் நாலாகப் பிளந்து, நடுத்தண்டைக் கத்தியால் சீவி எடுத்துத் தனியாகச் சாம்பாருக்கு வைத்துவிட்டு, வெளிச்சதையை மட்டும் துவரனுக்கு அரிவது. 430 கிராமில் தண்டு 90 கிராம்வரை போகும், ஆனால் மிச்சம் முழுவதும் ஒரே நேரத்தில் வேகும். இன்னொன்று சட்டி. வெண்கல உருளியில் சூடு அடி முழுக்கச் சீராகப் பரவும் என்பதால், சிறு தீயின் 6 நிமிடத்தை 7 ஆக்கி, கடைசியில் திறந்து புரட்டும் நேரத்தை அரை நிமிடமாகக் குறைத்துப் பார்க்கலாம். தேங்காய் கடைசிவரை வெள்ளையாக நிற்கிறதா என்பதை வைத்து அதை முடிவு செய்துகொள்ளலாம்.